உதடு பார்த்த காலம்

நான் முதன்முதலாகச் செத்தது கொழும்புப் புதுக்கடையில், நீதிமன்றக் கந்தோர் நாற்காலியில் இருந்தபடி, காலைத் தேத்தண்ணீருக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில். அதற்குப் பிறகும் பல தடவை செத்தேன். டிராமில் ஒரு முறை, சவரக்கடையில் கழுத்தில் துணியைச் சுற்றியபடி ஒரு முறை, கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு முறை. ஆனால் முதல் சாவைப்போல வேறெதுவும் அவ்வளவு ஒழுங்காக அமையவில்லை. ஏனென்றால் அந்தச் சாவுக்குரிய அறிகுறிகளை என் கையாலேயே தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன்.

பெரிய யுத்தம் முடிகிற தறுவாய். துறைமுகத்துக்கு வந்த கப்பல்களோடு ஒரு காய்ச்சலும் இறங்கி, பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்த்து, எங்கள் கொட்டாஞ்சேனைக்குள் நடந்து வந்துவிட்டது. சிலர் அதைக் கப்பல் காய்ச்சல் என்றார்கள். சிலர் யுத்தக் காய்ச்சல் என்றார்கள். முன்பு யாரும் கண்டிராத காய்ச்சல் என்பதால், வந்திருப்பது அதுதானா, இல்லை வழக்கமாக வந்துபோகிற நம்முடைய சொந்தக் காய்ச்சலா என்று சனங்கள் கண்டுபிடிக்க வழி சொல்ல வேண்டியிருந்தது. மேலிடத்திலிருந்து ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் வந்தது. நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவன். தலைமைக் கிளாக்கர் அதை என் மேசையில் போட்டு, இதைத் தமிழாக்கித் தாரும், சுவர்களில் ஒட்டவேண்டுமாம் என்று சொல்லிவிட்டுப் போனார். காணிச் சண்டையையும் கள்ளுத் தவறணை அடிபிடியையும் மொழிபெயர்த்து அலுத்துப்போயிருந்த எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

பென்சில் நுனியை நாக்கில் தொட்டு நனைத்துக்கொண்டு தொடங்கினேன். 'திடீரெனக் குளிர் எடுக்கும்' என்று எழுதினேன். எடுத்தது. தலைக்கு மேல் பங்கா விசிறி ஆடிக்கொண்டிருந்ததை அப்போது நான் கணக்கில் எடுக்கவில்லை. 'முதுகும் மூட்டுகளும் அடித்துப்போட்டாற்போல் நோகும்' என்று எழுதினேன். அடித்துப்போடுகிற கதை ஆங்கிலத்தில் இல்லை. அது என் முதுகே சொல்லித் தந்தது. கண் சிவக்கும் என்ற இடத்தில் கண் எரிந்தது. மூக்கிலிருந்து இரத்தம் வடியும் என்று எழுதிவிட்டு, யாரும் பார்க்காத நேரமாகக் கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்துச் சோதித்தேன். கடைசி வரி இது: 'முகமும் உதடும் நகங்களும் நீலநிறமடையும். இக்குறி கண்டவிடத்து நோயாளியின் நிலை மிக ஆபத்தானதென அறியவும்.' அதன் கீழே, குறிகள் உள்ளவரைப் பற்றி உடனே அறிவிக்க வேண்டும், சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து அவரை ஒதுக்குக் கொட்டகைக்குக் கொண்டுபோவார் என்று இருந்தது.

எப்படிச் சுகப்படுத்துவது என்று எங்கும் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. அந்த இடத்தில்தான் நான் செத்தேன். பிறகு சாப்பாட்டு மணி அடித்ததால் எழுந்து போனேன்.

கொட்டகை என்பது நகருக்கு வெளியே அவசரத்தில் கட்டிய தென்னங்கிடுகுக் கூரை. அங்கே கொண்டுபோனவர்களைப் பார்க்க வீட்டாரை விடுவதில்லை. போனவர்களில் திரும்பி வந்தவர்களும் இருந்திருப்பார்கள்தான். ஆனால் எங்கள் ஒழுங்கைச் சந்தில், போனவர்களைப் பற்றிக் கதைத்தார்களே தவிர, வந்தவர்களைப் பற்றி யாரும் கதைத்து நான் கேட்கவில்லை. ஆகவே என் தமிழ் அறிவித்தலுக்கு ஓர் எதிர்பாராத பயன் ஏற்பட்டது. எதையெல்லாம் இன்ஸ்பெக்டருக்குக் காட்டாமல் மறைக்க வேண்டும் என்பதைச் சனங்கள் அதைப் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

பிள்ளைகள் இருவரையும் வெள்ளவத்தைக்கு, என் மனைவியின் தமையன் வீட்டுக்கு அனுப்பினோம். அங்கே கடற்காற்று இருக்கிறது, நோய் அண்டாது என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். கொட்டாஞ்சேனைக்கும் அதே கடல்தானே என்று நான் கேட்கவில்லை. மனைவியையும் போகச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களைத் தனிய விட்டிட்டுப் போனால் காய்ச்சல் வர முதலே பயத்தில செத்துப்போவியள். பிறகு அந்தப் பழி எனக்கு."

எங்கள் தெருமுனை டிஸ்பென்சரியில் இருந்த அப்போதிக்கரி எனக்குச் சிநேகிதர். மருந்து கலப்பவர், டொக்டர் வராத நாட்களில் டொக்டரும் அவர்தான். என் அறிவித்தலைத் தம் கதவிலேயே ஒட்டி வைத்திருந்தார். அது எப்படி இருக்கிறது என்று பாராட்டை எதிர்பார்த்துக் கேட்டேன்.

"ஐசே, நீர் எழுதினதில முக்கால்வாசி, கொட்டாஞ்சேனைக்கு மழை பெய்தால் வாறது. கடைசிக் குறி ஒண்டுதான் நிச்சயம்" என்றார். "அது வந்தபிறகு என்னட்டை வந்து என்ன பிரயோசனம்?"

இதை அவர் என்னிடம் மட்டும் சொல்லவில்லை போலும். ஊர் முழுவதும் கடைசிக் குறியைப் பிடித்துக்கொண்டது. டிராமில் எதிரே இருப்பவனின் உதட்டை எல்லோரும் பார்த்தார்கள். கடையில் அரிசி நிறுப்பவன் தராசைப் பார்க்காமல் என் உதட்டைப் பார்த்து நிறுத்தான். கோர்ட்டில் வழக்குப் பேச வந்த ஒரு பிரக்கிராசி, சாட்சி சொல்வதைவிடச் சாட்சியின் வாயையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் கொழும்பில் யாரும் யாருடைய கண்ணையும் பார்த்துக் கதைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இந்த நிலையில் ஒருநாள் புதுக்கடைச் சாப்பாட்டுக் கடையில் கை கழுவிவிட்டு நிமிர்ந்தேன். எதிரே ரசம் போன ஒரு கண்ணாடி. அதற்குள் நான். என் கீழுதடு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

நாற்பது வயதைத் தாண்டிய, வேட்டியும் கோட்டும் தலைப்பாகையும் அணிந்த, சமூகத்தில் ஓரளவு மதிப்புள்ள ஒரு மனிதன் புதுக்கடையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலைப்பாகை கையில் இருந்தது. வாயைக் கைலேஞ்சியால் பொத்தியிருந்தேன். டிஸ்பென்சரியில் நின்ற வரிசை, நான் கைலேஞ்சியை எடுத்ததும், எனக்கு இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது. அவ்வளவு மரியாதை எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

அப்போதிக்கரி என்னைக் கதிரையில் இருத்தினார். நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கும் ஊதா. நான் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லவேண்டிய கடைசி வார்த்தைகளைத் தேடத் தொடங்கினேன், ஒன்றும் அகப்படவில்லை. அவர் பஞ்சை ஸ்பிரிட்டில் தொட்டு என் உதட்டை அழுத்தித் துடைத்து, பஞ்சைத் தூக்கி வரிசைக்குக் காட்டினார். பஞ்சு ஊதா.

நனைத்தால் ஊதாவாகிற கொப்பியிங் பென்சில். இருபது வருடமாக நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுகிறேன். இருபது வருடமும் என் வாய் அந்த நிறத்தில்தான் இருந்திருக்கிறது. இந்தக் காய்ச்சல் வரும்வரை என் வாயைப் பார்க்க எனக்கோ பிறருக்கோ ஒரு காரணம் இருக்கவில்லை.

"ஐசே, உமக்கு வந்திருக்கிறது பென்சில் காய்ச்சல்" என்றார் அப்போதிக்கரி. "கந்தோரைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்குக் கொட்டகையில போடச் சொல்லும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பல நாளாகச் சிரிக்காதவர்கள் என்பது சிரித்த விதத்திலேயே தெரிந்தது. கடைசியில் நின்ற ஒருவர் சிரிப்பு முற்றி இருமத் தொடங்கினார். உடனே எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இந்தக் கதையை, ஓட்டத்தை இன்னும் கொஞ்சம் நீட்டி, தலைப்பாகையை இன்னும் கொஞ்சம் அவிழ்த்து, மனைவிக்கு நடித்துக் காட்டினேன். அவள் வெற்றிலையை ஒரு கன்னத்தில் அதக்கிக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கதவுநிலையைப் பிடித்தாள். பிடித்தபடியே நிலத்தில் இருந்துவிட்டாள். ஒரு பெண்ணை நிலத்தில் இருத்துகிற அளவுக்கு இந்த வயதிலும் எனக்குப் பகிடி வருகிறதே என்று எனக்குச் சந்தோஷம். எழுப்புவதற்காகக் கையை நீட்டினேன். அவள் கை அடுப்புக்கல் போலக் கொதித்தது.

"எப்ப தொடங்கினது?" என்று கேட்டேன்.

"எது?"

"காய்ச்சல்."

"காய்ச்சலோ? எனக்கு ஒண்டுமில்லை. வெய்யிலுக்க உடுப்புத் தோய்ச்சனான்."

அன்று வெயிலே இல்லை. நான் எழுதிய குறிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். முதுகு நோகிறதா என்றால், அம்மியில் அரைக்கிறவளுக்கு முதுகு நோகாமல் வேறெது நோகும் என்றாள். கண் சிவந்திருக்கிறதே என்றால், ஈரவிறகை வாங்கித் தந்தது யார் என்று கேட்டாள். இருமினாள், புகையிலை உறைப்பாம். புதுக்கடையில் எத்தனையோ குறுக்கு விசாரணையை மொழிபெயர்த்திருக்கிறேன், இப்படி ஒரு எதிரியை நான் கூண்டில் கண்டதில்லை. என் அறிவித்தலின் ஒவ்வொரு வரிக்கும் அவளிடம் வீட்டு வேலையிலிருந்து ஒரு பதில் இருந்தது. அதில் கொடுமை என்னவென்றால் எல்லாப் பதிலும் நியாயமானது.

மிஞ்சியது கடைசிக் குறி. அவளை முற்றத்து வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து முகத்தைப் பார்த்தேன். உதடு வெற்றிலையில் சிவந்திருந்தது. கையைத் திருப்பிப் பார்த்தேன். அடுத்த வீட்டு முஸ்லிம் வியாபாரியின் மனைவி பெருநாளுக்கு இட்டுவிட்ட மருதோன்றி நகங்களில் சிவப்பாக இருந்தது. சரி, முகம்? அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. என் மனைவியின் நிறம் என் நிறம்தான், நல்ல கறுப்பு. அந்த முகம் நீலமாகும் என்று நான் எழுதியிருக்கிறேன். எந்த முகம்? யாருடைய கன்னத்தைப் பார்த்து எந்தத் துரை எழுதியதோ, அதை நான் ஒரு சொல்லும் பிசகாமல் எங்கள் ஒழுங்கைச் சுவரில் ஒட்டவைத்திருக்கிறேன். சுற்றிலும் இருக்கிற கறுத்த முகங்களும் சிவந்த வாய்களும் அதை நின்று படித்துவிட்டுப் போகின்றன.

"வாயைக் கொப்பளியும்" என்றேன்.

அவள் வெற்றிலைத் தட்டை இழுத்து இன்னொன்றை எடுத்து நரம்பு கிள்ளினாள். சுண்ணாம்பு தடவினாள். மடித்து வாய்க்குள் வைத்தாள். மென்றுகொண்டே சொன்னாள்.

"இன்ஸ்பெக்டர் வந்தால் இதைத்தான் பாப்பார். நான் அங்க போகமாட்டன், இஞ்சேருங்கோ. ஆரெண்டு தெரியாத சனத்துக்கு நடுவில, பிள்ளையளின்ரை முகம் பாக்காமல் நான் கிடக்கமாட்டன்."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. காலையிலிருந்தே தெரிந்திருந்தது. வெற்றிலையை அவள் மென்றது ஆசைக்கல்ல.

அப்போதிக்கரியிடம் போனேன். இம்முறை ஓடவில்லை. மனைவிக்குக் காய்ச்சல் என்றேன். அவர் வழக்கமான ரோசாப்பூ நிறத் தண்ணீர் மருந்தைப் போத்தலில் ஊற்றிக்கொண்டே உதடு எப்படி என்று கேட்டார். சிவப்பு என்றேன். வெற்றிலையோ என்றார். ஓம் என்றேன். கொஞ்ச நேரம் போத்தலின் மூடியைத் தேவைக்கு மேலாக இறுக்கிக்கொண்டிருந்தார். இது அந்தக் காய்ச்சலா, இல்லையா, அதையாவது சொல்லும் என்று கேட்டேன்.

"தப்பினால் சாதாரணக் காய்ச்சல்" என்றார் அவர். முகத்தில் சிரிப்பு இல்லை.

அதன் பிறகு வந்த நாட்களைப் பற்றி எனக்குப் பகிடியாகச் சொல்லத் தெரியவில்லை. பென்சிலுக்கு ஓடியவன் இப்போது ஓட எந்த இடமும் இல்லாமல் பாயின் ஓரத்தில் இருந்தேன். கொத்தமல்லி அவித்தேன், அவள் குடிக்கவில்லை. துணியை நனைத்து நெற்றியில் போட்டேன், எடுக்கும்போது காய்ந்திருந்தது. அடுத்த வீட்டு வியாபாரி பின்மதிலுக்கு மேலால் கஞ்சிக் கோப்பையை நீட்டுவார். எப்படி இருக்கு என்று கேட்கமாட்டார்; கோப்பை திரும்பி வரும்போது அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பார். அநேகமாக முழுவதும் மிஞ்சியிருக்கும். அதில் பாதியை நானே குடித்துவிட்டு வெறுங்கோப்பைபோலக் காட்டியதும் உண்டு. ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியாது. யாரையோ சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

வினோதம் என்னவென்றால், என்னுடைய பயம் போய்விட்டது. எனக்குக் குளிரவில்லை, முதுகு நோகவில்லை. உண்மையான நோயாளி ஒருவர் வீட்டுக்கு வந்ததும் என் நோய்கள் எல்லாம் மரியாதையாக எழுந்து இடம் விட்டுவிட்டன. பயம் இருந்தாலாவது ஏதோ செய்துகொண்டிருந்திருப்பேன்.

ஒரு காலையில் வெற்றிலையை மடித்து, எனக்குத் தெரிந்த மாதிரி, அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் முகத்தைத் திருப்பினாள்.

"வேண்டாம்."

இருபது வருடத்தில் அவள் வெற்றிலை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அது என் அறிவித்தலில் இல்லாத குறி. ஆனால் அந்த வீட்டில் அதைவிட நிச்சயமான குறி வேறு இருந்திருக்க முடியாது. மத்தியானத்துக்குள் பழைய சிவப்பு வற்றிப்போய் உதடு தன் நிறத்துக்கு வந்தது. அது நீலமா, சாம்பலா, கறுப்புத்தானா? கிட்டப்போயும் தள்ளி நின்றும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நிறமாகத் தெரிந்தது. மூச்சு மட்டும், யாரோ ஈரமான கடதாசியைக் கிழிப்பதுபோல் வந்து வந்து போனது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒழுங்கைக்குள் இன்ஸ்பெக்டரின் கைத்தடி ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தது.

நான் செய்ததைச் சொல்கிறேன். வெற்றிலைத் தட்டை இழுத்தேன். ஒரு வெற்றிலையில் கைக்கு வந்த அளவு சுண்ணாம்பைத் தடவி, பாக்கோடு என் வாயில் போட்டு, மாடுபோல மென்றேன். தட்டுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டது. வாயிலிருந்த சாற்றை விரலில் எடுத்து அவள் உதட்டில் பூசினேன். போதவில்லை. சிவப்பு ஏறட்டும் என்று விரல் நுனியில் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைத் தொட்டுத் தேய்த்தேன். தேய்த்த வேகத்தில் சிவப்பு உதட்டைத் தாண்டி நாடி வரை வழிந்தது. நாடகக் கொட்டகையில் அவசரத்தில் வேஷம் போட்டு மேடைக்குத் தள்ளிவிட்ட ராணிபோல என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

இன்ஸ்பெக்டர் சிங்களவர். எங்களோடு சிங்களமும் தமிழும் கலந்து கதைப்பார், ஐயா என்பதற்கு மாத்தயா என்பார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். பாயைப் பார்த்தார், அவள் வாயைப் பார்த்தார், நாடியில் வழிந்திருந்ததைப் பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார். அதில் ஊதாவும் சிவப்பும் ஒன்றாக இருந்திருக்கும். நானும் அவரைப் பார்த்தேன், பழக்கதோஷம். கண் சிவந்திருந்தது. ஒரு கையால் முதுகைப் பிடித்திருந்தார். கதவுநிலையில் சாய்ந்துதான் நின்றார். நான் எழுதிய குறிகளில் பாதிக்கு மேல் வாசலில் நின்றுகொண்டிருந்தன.

"வெத்திலைதான் மாத்தயா" என்றேன். "சாதாரணக் காய்ச்சல்."

அவர் என் விரலைப் பார்த்தார். அதிலும் சிவப்பு. பிறகு, மிகவும் களைத்த ஒருவர் பாரத்தை இறக்கி வைப்பதுபோல, சொன்னார்.

"கொட்டகையில எடம் இல்ல மாத்தயா. பாய் போட நிலமும் இல்ல. நான் சும்மா தட்டிக்கொண்டு போறேன்."

அவ்வளவுதான். கைத்தடி அடுத்த கதவைத் தட்டியது, அதற்கடுத்த கதவைத் தட்டியது. மறைத்து மறைத்து நாங்கள் காத்த அந்தக் குறியை, கண்டாலும் என்ன செய்வதென்று அவருக்கும் தெரியாது. சுவரில் ஒட்டியவர்களுக்குத் தெரியாது. அப்போதிக்கரிக்குத் தெரியாது. எழுதிய எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நான் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பக்கூட மறந்து சுவரில் சாய்ந்து இருந்தேன். அழவேண்டும் போலிருந்தது; வாய் நிறைய வெற்றிலையை வைத்துக்கொண்டு எப்படி அழுவது?

வெயில் முற்றத்தில் இறங்குகிற நேரம். பாயிலிருந்து ஏதோ சத்தம் கேட்டது. குனிந்தேன். அவள் கண்ணைத் திறக்காமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"என்னப்பா?" என்று கேட்டேன்.

"எரியுது."

"எங்க? நெஞ்சோ?"

"சுண்ணாம்பு" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். "இவ்வளவு காலத்தில உங்களுக்கு ஒரு வெத்திலை போடத் தெரியேல்லை."

கோபம் வந்திருக்கிறது. கோபம் வருகிற பெண் போகமாட்டாள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாக முடிவு செய்துகொண்டேன். முடிவு சரியாக இருந்தது என்றாலும் அதில் என் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. மதிலுக்கு அந்தப்பக்கம் கஞ்சிக் கோப்பையை நீட்டிய வியாபாரியின் மனைவி, எங்கள் வீட்டைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ளப்பட்டவர், மருதோன்றி இட்ட அதே கைகளோடு அடுத்த கிழமை போய்விட்டார். அவருக்கு என்ன குறி இருந்தது, எந்தக் குறி இருக்கவில்லை என்று நான் போய்க் கேட்கவில்லை. வியாபாரிக்கு நாங்கள் கஞ்சி காய்ச்சி மதிலுக்கு மேலால் நீட்டினோம்.

பிள்ளைகள் வெள்ளவத்தையிலிருந்து திரும்புவதற்கு முன் என் மைத்துனர் ஆளனுப்பிக் கேட்டார்: தங்கச்சிக்கு வந்தது அந்தக் காய்ச்சலா, சாதாரணக் காய்ச்சலா? கொழும்பிலேயே அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிய ஆள் நான். தப்பிவிட்டாள், ஆகவே சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன்.

சுவரில் இருந்த அறிவித்தலை மழை கீழிருந்து மேலாக உரித்தது. முதலில் போனது கடைசிக் குறிதான். இப்போது அந்தச் சுவரில் சோடாக் கடையின் விளம்பரம் ஒட்டியிருக்கிறது. அந்த நோயின் குறியாக எங்களிடம் மிஞ்சியது என் மனைவியின் கீழுதட்டில் ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு, சுண்ணாம்பு பட்டு வெந்த இடம். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, காய்ச்சலில் தப்பினேன், இவருடைய வைத்தியத்தில்தான் தப்பமாட்டேன் என்று இருந்தேன் என்பாள்.

நான் பென்சிலை நாக்கில் தொடுவதை விட்டுவிட்டேன். ஆனால் மழைக்காலத்துக் காலைகளில் அவள் குசினியில் அடுப்போடு நின்று இருமினால், பேப்பரை வைத்துவிட்டு எழுந்து போய்க் குசினி வாசலில் நிற்கிறேன். திரும்பிப் பார்க்கமாட்டாள். நான் எதைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். தட்டை இழுத்து, ஒரு வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பை அளவாகத் தடவத் தொடங்கிவிடுவாள்.